எட்டரை என்றால் எந்த எட்டரை?

குழந்தை பார்த்துக்கொள்ள வருகிறவரோடு வேலை நேரம் பேசி முடித்தல்: ஒரு பெங்களூரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் வீடு ஏதோ ஒரு கதவு எண்ணுக்கு உரியது இல்லை. பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்து அமைத்த மாதிரி வீடு இது. நிமிடங்களும் ரூபாய்களும் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காகப் போட்டவை. ஊர், பஸ், சட்டம் பற்றிய செய்திகள் உள்ளபடியே இருக்கின்றன.

வீடும் ஆட்களும்

குந்தலஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒன்பதாவது மாடி. கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை. எட்டு மாதக் குழந்தை. கணவனின் அம்மா கூடவே இருக்கிறார், ஆனால் முழங்கால் வலியால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. மனைவிக்குச் சட்டப்படி கிடைத்த 26 வாரப் பிரசவ விடுப்பும், அதோடு ஒட்டி எடுத்த சொந்த விடுப்பும் தீர்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. காலை 9:30-க்குத் தினமும் ஒரு மீட்டிங்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு 41 வயது, வீடு முருகேஷ்பாளையா. பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அவரை 'அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள், அவர் மனைவியை 'மா' போட்டுப் பேசுகிறார். பேசிய நேரம் காலை 8:30 முதல் மாலை 6:00, ஞாயிறு விடுமுறை, சம்பளம் மாதம் ரூ.18,000. இந்த ஒப்பந்தம் முழுவதும் வாசலில் நின்றபடி நான்கு நிமிடத்தில் பேசி முடிந்தது. 'எட்டரைக்கு வந்துடுங்க அக்கா', 'வந்துடறேன்மா'. அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் வந்தபோது மனைவி ஆளை மாற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். அக்காவும் வேறு வீடு பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது மனைவிக்குத் தெரியாது.

கேட் நேரம், கதவு நேரம், கை நேரம்

முதல் குழப்பம் எட்டரை என்ற சொல்லிலேயே இருந்தது. அக்காவுக்கு எட்டரை என்றால் குடியிருப்பின் கேட்டுக்கு வந்து சேரும் நேரம். அங்கே மைகேட் செயலியில் தன் எண்ணைச் சொன்னதும் வருகை பதிவாகிறது, வீட்டுக்காரருக்கு மொபைலில் தகவல் போகிறது. அக்காவின் கணக்கில் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. மனைவிக்கு எட்டரை என்றால் குழந்தை அக்காவின் இடுப்பில் இருக்க வேண்டிய நேரம்.

இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கும்? காலை 8:15 முதல் 8:45 வரை பெரிய குடியிருப்புகளின் கேட்டில் வேலைக்கு வருகிறவர்கள் வரிசை நிற்கும். வேலையாட்களைச் சர்வீஸ் லிப்டில்தான் அனுப்புவார்கள், அதே லிப்டில்தான் தண்ணீர் கேனும் குப்பை வண்டியும் ஏறி இறங்கும். கேட்டிலிருந்து கதவுக்கு 7 முதல் 9 நிமிடம். உள்ளே வந்து செருப்பு, பை வைத்து, பஸ் கம்பி பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணி மாற்ற இன்னும் 6 நிமிடம். பிறகு குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தது, ராத்திரி எத்தனை முறை எழுந்தது, ஜுரம் உண்டா, மருந்து எத்தனை மில்லி என்று சொல்லி ஒப்படைக்க 5 நிமிடம். எட்டரைக்குக் கேட்டில் பதிவானவர் கைக்குக் குழந்தை போய்ச் சேர 8:50 ஆகிவிடும். யாரும் தாமதிக்கவில்லை, ஆனால் தினமும் இருபது நிமிட மனக்கசப்பு.

பேசும்போது மூன்றில் எந்த நேரம் என்று சொல்லியாக வேண்டும். கதவு நேரத்தை வைத்துக்கொள்வதுதான் வசதி. கேட்டிலும் லிப்டிலும் நடப்பது வருகிறவரின் கையில் இல்லை என்றாலும் அது தினமும் ஒரே அளவு, அதைக் கணக்கில் சேர்த்துக் கிளம்பலாம். கை கழுவுவதும் ஒப்படைப்பதும் வேலை நேரத்துக்குள் வரும். அதை அக்காவின் சொந்த நேரத்தில் தள்ளுகிற வீடுகள் உண்டு, அது நியாயமில்லை. எந்தக் கடிகாரம் என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரங்களில் பாதி பத்து நிமிடம் முன்னால் ஓடும். மொபைல் நேரம் என்று எழுதிவிடுங்கள்.

ஆறு வாரக் கணக்கு

கேட் பதிவுகளையும் மனைவியின் மொபைல் செய்திகளையும் சேர்த்து எழுதிப் பார்த்தால் வருவது இது. ஆறு வாரத்தில் 36 வேலை நாள், இரண்டு நாள் விடுப்பு, மீதி 34. காலையில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம் 15 நாள், சராசரி 26 நிமிடம், மொத்தம் 390 நிமிடம். பத்து நிமிடத்துக்குள் இருப்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. பெங்களூரில் பத்து நிமிடம் என்பது ஒரு சிக்னல்.

இதுவரை பெரும்பாலான வீடுகள் போடும் கணக்கு. அதே பதிவில் வெளியே போகும் நேரமும் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தாண்டி அக்கா வெளியேறிய நாட்கள் 22. சராசரி 35 நிமிடம், மொத்தம் 770 நிமிடம், அதாவது 12 மணி 50 நிமிடம். காலையில் அக்கா குறைத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை மாலையில் வீடு எடுத்துக்கொண்டிருக்கிறது. அவுட்டர் ரிங் ரோடு டிராபிக், முடியாமல் இழுத்த மீட்டிங், 'இன்னும் பத்து நிமிஷம் இருந்துட்டுப் போம்மா' என்ற பாட்டியின் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காலையில் அக்கா சொல்வதும் அதே டிராபிக்தான். ஒன்று காரணமாகத் தெரிகிறது, மற்றொன்று சாக்காகத் தெரிகிறது.

ரூபாயில் போட்டால் இன்னும் தெளிவு. 26 நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் என்றால் மாதம் 247 மணி. ரூ.18,000-ஐ வகுத்தால் மணிக்கு ரூ.73. மாலையில் வாங்கிய கூடுதல் நேரத்தின் விலை, சாதாரண வீதத்திலேயே, ரூ.937.

மாலைக்கும் காலைக்கும் முடிச்சு இருக்கிறது. ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத்தான் வீடு, சமையல் ஒன்பதரை, படுக்கை பதினொன்று. மறுநாள் நாலே முக்காலுக்கு எழ வேண்டியவர் ஐந்தே காலுக்கு எழுகிறார். காலைத் தாமதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் பாதி நோய்க்குத்தான் மருந்து.

ஏன் சில நாள் மட்டும்?

தாமதமான 15 நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. 13 நாட்கள் ஒன்று விட்டு ஒன்று. பெங்களூரில் பல பகுதிகளில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அக்கா இருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரே குழாய். முறை வைத்துப் பிடிக்கிறார்கள், அக்காவின் முறை ஆறரைக்கு மேல். டிரம் நிறையாமல் கிளம்பினால் இரண்டு நாளைக்குப் பிள்ளைகளுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்த 17 வேலை நாட்களில் 13-ல் தாமதம், வராத 17-ல் இரண்டே நாள். சோம்பேறித்தனம் என்றோ பொறுப்பில்லை என்றோ சொல்லும் முன் இந்த வட்டமிடும் வேலையைச் செய்துவிட வேண்டும். அரை மணி நேரம் கூட ஆகாது.

இரண்டாவது காரணம் பஸ். முருகேஷ்பாளையாவிலிருந்து குந்தலஹள்ளிக்குப் பழைய ஏர்போர்ட் ரோடு வழியாக 335இ நேராக வரும். 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஏசி வஜ்ராவுக்கு இது கிடையாது. ஆகவே முன்னால் வஜ்ரா வந்து நின்றாலும் அக்கா ஏறமாட்டார், அடுத்த சாதாரண பஸ்ஸுக்கு நிற்பார். அது கூட்டமாக வந்து நிற்காமல் போனால் இன்னொன்று. பத்து முதல் இருபது நிமிடம் இங்கே போகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலவச டிக்கெட்டுக்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதார் இன்னும் தமிழ்நாட்டு முகவரியிலேயே இருந்தால் தினமும் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். சேர்க்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் பயணப்படியைச் சரியாகப் போடலாம்.

மெட்ரோ? ஊதாப் பாதை 2023 அக்டோபரில் இடையிலிருந்த கே.ஆர். புரம் துண்டும் சேர்ந்து ஒயிட்பீல்டு வரை முழுதாக ஓடத் தொடங்கியது, குந்தலஹள்ளியில் நிலையமும் இருக்கிறது. ஆனால் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருப்பவர் இந்திராநகர் போய் ஏற வேண்டும், அதற்கு ஆட்டோ வேண்டும், மெட்ரோவில் சக்தி செல்லாது. மழை கொட்டி மாரத்தஹள்ளி அடைத்துக்கொண்ட நாளுக்கு மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு ஆகாது.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதல் இரண்டு வாரத்தில் அக்கா நான்கு நாள் எட்டேகாலுக்கே வந்துவிட்டார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் பாட்டி, 'அதுக்குள்ள அந்த ரெண்டு பாத்திரத்தைத் தேச்சிடேன்' என்றார். ஐந்தாவது நாளிலிருந்து அக்கா சீக்கிரம் வருவதில்லை. சீக்கிரம் வருவது தண்டனையானால் வருகிறவர் சரியாக எட்டரையைக் குறிவைப்பார். எட்டரையைக் குறிவைத்துக் கிளம்பினால் எட்டு நாற்பதுக்குத்தான் வந்து சேர முடியும்.

முதலில் செய்த வைத்தியம்

நான்காவது வாரத்தில் கணவன் ஆபீஸ் பழக்கத்தில் ஒரு விதி போட்டார். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். கணக்கைப் பாருங்கள். மூன்று தாமதம், தலா 26 நிமிடம், மொத்தம் 78 நிமிடம், மதிப்பு ரூ.95. அரை நாள் சம்பளம் ரூ.346. போன நேரத்தைப் போல் மூன்றரை மடங்கு பிடிக்கிறார்கள், மாலையில் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ஒரு பைசா இல்லை. அக்கா படித்தது எட்டாம் வகுப்புதான் என்றாலும் இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

பிடித்தம் நியாயமாக இருந்தாலும் வேலை செய்வதில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் 20 வாரம் நடத்திய ஒரு ஆய்வு 2000-ல் வெளிவந்தது. ஆறு காப்பகங்களில், தாமதமாக வந்தவர்களுக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. காசு கட்டியாகிவிட்டது என்றதும் கூச்சம் போய்விடுகிறது. அங்கே தாமதமாக வந்தவர்கள் ஆயாக்கள் இல்லை. மாலையில் குழந்தையைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்.

இந்த வீட்டிலும் அதேதான். விதி வருவதற்கு முன் எட்டு நாற்பதுக்கு லிப்டிலிருந்து ஓடிவந்தவர், விதி வந்த பின் நடந்து வந்தார். 'புடிச்சுக்கிறாங்கள்ல' என்று கேட்டுக்கு வெளியே பூக்காரியிடம் சொன்னது பாட்டியின் காது வரை வந்தது.

சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, மாதம் முழுக்க நேரத்துக்கு வந்தால் ஆயிரம் ரூபாய் என்று ஊக்கத்தொகை வைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஜுரம் வந்தால் அந்த ஆயிரத்தை விட மனம் வராமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், நான்காம் நாள் குழந்தைக்கு ஜுரம். ஊக்கத்தொகை வைத்தே ஆக வேண்டுமென்றால் உடம்பு சரியில்லாத நாள் அதைக் கெடுக்காது என்று சேர்த்து எழுதுங்கள். எங்கள் கணிப்பில் அந்த ஆயிரத்தை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பது மேல்.

உட்கார்ந்து பேசியது

பேசக் கூடாத நேரம் ஒன்று உண்டு. தாமதமாக வந்த அன்று காலை, வாசலில். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் ஒரு கண்ணை லேப்டாப்பில் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவதும் உதவாது. அக்கா அதை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார், அம்மா திட்டு வாங்குவதை மகன் படிக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மாலை 5:15-க்கு வைத்துக்கொண்டார்கள். குழந்தையைக் கணவன் கீழே பூங்காவுக்குத் தூக்கிப்போனார், பாட்டி கோயிலுக்கு. மனைவியும் அக்காவும் மட்டும். டீ போட்டு இருவரும் சாப்பாட்டு மேசையில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சோபாவிலும் ஒருவர் தரையிலும் உட்கார்ந்து பேசினால் 'சரிம்மா, சரிம்மா' தவிர வேறு பதில் வராது. பேச்சு வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் நிறுத்தி வைத்து நேரம் தவறாமை பற்றிப் பேசுவதில் ஒரு கேலிக்கூத்து இருக்கிறது.

தொடக்கம் இப்படி: 'அக்கா, போன ஆறு வாரத்துல சாயங்காலம் நாங்க இருபத்திரண்டு நாள் லேட்டு பண்ணியிருக்கோம். அதை மொதல்ல சரி பண்ணிக்கலாம். அந்தப் புடித்த காசையும் இந்த மாசம் திருப்பிக் குடுத்துடறோம். அப்புறம் காலை நேரத்தைப் பேசலாம்.'

அக்காவின் பதில்: 'தண்ணி விடற நாள்லதாம்மா இழுக்குது. அன்னிக்குத் தண்ணியப் புடிக்காம எப்படிம்மா கெளம்பறது? எட்டரைக்கு வரலேன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதும்மா. நீங்க வீட்லதானே இருக்கீங்கன்னு நெனச்சேன்.'

கடைசி வாக்கியம்தான் இந்த நிகழ்வின் சாவி. 9:30 மீட்டிங் பற்றி யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வீட்டில் சும்மா இருக்கிறவராகத்தான் தெரிவார், பாட்டிக்கே அப்படித்தான் தெரிகிறார். 'நான் 9:20-க்குக் கதவைச் சாத்திடணும். அதுக்கு முன்னாடி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டி முடிக்கணும், அதுக்கு இருபது நிமிஷம்' என்று மனைவி பின்னாலிருந்து முன்னால் கணக்குச் சொன்னதும் பேச்சு மாறியது. அக்காவே ஒரு வழி சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி பத்து மணி வேலைக்குப் போகிறவள், அவளோடு தண்ணீர் முறையை மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாளில் மாற்றியும் விட்டார்.

நேரத்தில் என்ன செய்வது என்று இரண்டு யோசனைகள் வந்தன. தண்ணீர் நாளுக்கு 9:00, மற்ற நாளுக்கு 8:30 என்பது ஒன்று. பார்க்க நன்றாக இருந்தாலும் நிற்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. இரண்டே வாரத்தில் யாருக்கும் இன்று எந்த நேரம் என்று நினைவிருக்காது. எல்லா நாளும் 8:50 கதவு நேரம் என்று முடிவு செய்தார்கள். வெளியேறும் நேரம் அதே 6:00, சம்பளம் அதே ரூ.18,000. இருபது நிமிடத்துக்குச் சம்பளத்தைக் குறைக்கலாமே என்று கணவன் கேட்டார். ஆறு வாரம் மாலையில் வாங்கிக்கொண்ட 770 நிமிடத்தை மனைவி நினைவுபடுத்தினார்.

9:30 மீட்டிங்குக்கு 8:50 என்றால் நாற்பது நிமிட இடைவெளி. இது ஆடம்பரம் இல்லை. வருகிறவரின் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் நேராக மீட்டிங்கில் போய் இடிக்கும்படி நேரத்தை வைத்தால், வருடத்தில் அறுபது நாளாவது வீட்டில் சண்டை வரும். அரை மணிக்குக் குறையாமல் இடைவெளி வைக்க முடியாத வீடு, காலை அந்த அரை மணியைப் பெற்றோரில் ஒருவர் தாங்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆள் தேட வேண்டும்.

தாளில் எழுதியது

ஒரே பக்கம், தமிழில், கையெழுத்தில். அக்காவிடம் ஒரு பிரதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பிரதி. மனைவி வாசித்துக் காட்டியதைக் குரல் பதிவாகவும் அனுப்பினார். வாசகம் இது:

'திங்கள் முதல் சனி வரை. கதவு நேரம் காலை 8:50, கிளம்பும் நேரம் மாலை 6:00. மொபைல் மணிதான் கணக்கு. இரண்டு பக்கமும் பத்து நிமிடம் பொறுக்கலாம்.

காலையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் 7:45-க்குள் குரல் செய்தி. எங்கே இருக்கிறேன், எத்தனை மணிக்கு வருவேன், இரண்டும் சொல்ல வேண்டும். பஸ் கிடைக்காவிட்டால் வஜ்ராவில் ஏறலாம். அதற்கு மாதம் ரூ.600 முதல் தேதியே தனியாகக் கொடுக்கப்படும், மீதியைத் திருப்பித் தர வேண்டாம்.

சீக்கிரம் வந்தால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். 8:50-க்கு முன் எந்த வேலையும் இல்லை.

மாலை 6:10 தாண்டினால் தொடங்கிய ஒவ்வொரு அரை மணிக்கும் ரூ.60, சனிக்கிழமை கணக்குத் தீர்க்கப்படும். 6:45 தாண்டும் என்றால் அன்று மாலை 4 மணிக்குள் கேட்க வேண்டும், அக்கா முடியாது என்று சொல்லலாம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கேட்கக் கூடாது. 8 மணிக்கு மேல் ஆனால் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டும்.

நேரம் பற்றி அக்காவிடம் பேசுவது மனைவி மட்டும்.'

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. 7:45 ஏன்? தண்ணீர் நாளில் கூட அக்கா அப்போது வீட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும், தாமதம் ஆகுமா இல்லையா என்று அவருக்கே தெரிகிற நேரம் அது. 8:45-க்கு வரும் செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. 7:45-க்குத் தெரிந்தால் கணவன் அரை மணி தள்ளிக் கிளம்பலாம். இரண்டு தகவல் ஏன்? 'கொஞ்சம் லேட்டாவும்மா' என்பது அஞ்சு நிமிடமா ஐம்பது நிமிடமா என்று தெரியாமல் வீடு தவிக்கும். 'எச்ஏஎல் தாண்டிட்டேன்' என்றால் சரி, 'மாரத்தஹள்ளி பிரிட்ஜ் கீழே நிக்குது' என்றால் மீட்டிங்கைத் தள்ளுவதற்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடுகிறது.

ரூ.60 எப்படி வந்தது? மணிக்கு ரூ.73 என்றால் அரை மணிக்கு ரூ.36.50. ஒன்றரை மடங்கு ரூ.55, சில்லறைத் தொல்லைக்காக 60. தொழிற்சாலைகளுக்கு 1948 சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று வைத்தது. வீட்டு வேலைக்கு அது பொருந்தாவிட்டாலும், இரட்டையாகக் கொடுத்தால் தவறில்லை. சனிக்கிழமையே தீர்ப்பதற்குக் காரணம், மாதக் கடைசி வரை விட்டால் முன்பணம், கடன், பண்டிகைக் காசு எல்லாவற்றோடும் கலந்து யாருக்கு யார் தர வேண்டும் என்பதே மறந்துபோகும்.

ஹைஃபாவில் நடந்தது இங்கேயும் நடக்கலாமே என்று கேட்கலாம். நடக்கும். அறுபது ரூபாய் கொடுத்துவிட்டு ஏழரைக்கு வரத் தூண்டும். 4 மணிக்குள் கேட்க வேண்டும், அக்கா மறுக்கலாம், வாரம் இரண்டு நாள்தான் என்ற மூன்று கட்டும் அதற்காகத்தான். காசு மட்டும் எழுதி இந்த மூன்றையும் விட்டுவிட்ட தாள், எழுதாத தாளை விட மோசம்.

கடைசி வரி பாட்டிக்காக. 'அதுக்குள்ள போறியா' என்று ஒருவரும் 'சரி கிளம்புங்க' என்று ஒருவரும் சொன்னால் வேலைக்கு வந்தவர் இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். பாட்டிக்கு முதல் வாரம் முகம் வாடியது உண்மை.

எழுதாமல் விட்டுப் பிறகு சேர்த்தவை

நடுப்பகல் ஓய்வு. குழந்தை ஒரு மணி முதல் இரண்டரை வரை தூங்குகிறது, அது அக்காவுக்கு ஓய்வுதானே என்று கணவன் நினைத்தார். குழந்தை எழுந்தால் ஓட வேண்டியவருக்கு அது ஓய்வு இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக 2011 ஜூன் 16-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189-ஆவது உடன்படிக்கை, கூப்பிட்டால் வர வேண்டிய நிலையில் காத்திருக்கும் நேரத்தையும் அந்தந்த நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு வேலை நேரமாகவே எண்ண வேண்டும் என்கிறது, வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும் வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி தரவில்லை என்றாலும் வீட்டுக் கணக்குக்கு நல்ல அளவுகோல். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம் மனைவி குழந்தையை எடுத்துக்கொள்கிறார், அப்போது அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். ஆபீஸ் நாட்களில் அது கிடைப்பதில்லை, அதற்கு மாற்றும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஊருக்குப் போய் வரும் திங்கள்கிழமை. ஆடியில் கூழ் ஊற்றுதல், கார்த்திகை தீபம், பொங்கல் மூன்றும் அக்காவுக்குத் தவறக் கூடாதவை. ஞாயிறு இரவு பஸ் பிடித்துத் திங்கள் விடியலில் வந்து இறங்கி 8:50-க்கு வருவேன் என்று சொல்வார். நம்பாதீர்கள், அவரும் நம்பிச் சொல்லவில்லை. திங்கள் 11:00 மணி என்றோ முழு விடுப்பு என்றோ முன்னாலேயே பேசி, அன்று பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்துவிடுவது நல்லது. இந்த மூன்று தேதிகளையும் நாட்காட்டி வாங்கிய அன்றே குறித்தார்கள்.

பந்த். 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூரு பந்த், 29-ல் கர்நாடக பந்த், இரண்டும் காவிரிக்காக. அப்படிப்பட்ட நாளில் தமிழ்ப் பெண் ஒருவர் பஸ்ஸுக்கு நிற்கத் தயங்குவார், 2016 காவிரிக் கலவரத்தை மறந்திருக்கமாட்டார். பந்த் என்றால் சம்பளத்தோடு விடுப்பு, கேள்வி இல்லை.

கர்நாடகம் 2004-லேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த மாநிலம், அகவிலைப்படியோடு அது வருடாவருடம் மாறும். தாள் எழுதும் முன் தொழிலாளர் துறையின் நடப்பு அறிவிப்பை ஒருமுறை பார்த்து, மணிக் கணக்கு அதற்குக் கீழே போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பிறகு

முதல் இரண்டு வாரத்தைச் சோதனை என்று சொல்லியே தொடங்கினார்கள். முதல் வாரம் ஒரு குரல் செய்தியும் வரவில்லை, ஒருநாள் 9:15-க்கு வந்தார். அனுப்பினால் திட்டு விழும் என்ற பழைய பயம். மனைவி அன்று ஒன்றும் சொல்லாமல், மாலையில் மட்டும் 'காலைல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை நிறுத்தியிருப்பேன் அக்கா' என்றார். அதற்கடுத்த செய்தி 7:30-க்கே வந்தது.

எட்டு வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம் ஐந்து நாள், நான்கில் முன்கூட்டியே செய்தி. மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் என்பது இந்த ஊரில் நல்ல எண். இதற்குக் கீழே கொண்டுவர முயல்கிறவர்கள் ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குழந்தை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

மாலைப் பக்கம் அவ்வளவு சுலபமாகத் திருந்தவில்லை. கணவனுக்கு வியாழன்தோறும் அமெரிக்க நேரத்துக்கு ஒரு அழைப்பு, மனைவிக்கு அன்று ஆபீஸ். எட்டு வியாழனில் ஏழு வியாழன் 6:45 தாண்டியது. ஒவ்வொரு வாரமும் 4 மணிக்குக் கேட்பது சடங்காகிவிட்டது, அக்கா மறுத்ததும் இல்லை, அவருக்குப் பிடிக்கவும் இல்லை. கடைசியில் தாளில் ஒரு வரியை அடித்து எழுதினார்கள். வியாழன் மட்டும் கதவு நேரம் 9:50, கிளம்பும் நேரம் 7:00. அன்று காலை அந்த ஒரு மணி நேரத்தை மீட்டிங்கைத் தள்ளிவைத்துக்கொண்டு கணவன் பார்த்துக்கொள்கிறார், கஞ்சியும் அவரே ஊட்டுகிறார். பாதி சட்டையில்தான் போகிறது.